மங்கை டீச்சரின் பாரம்

மங்கையர்க்கரசியின் உடம்பிலிருந்த பாரம் முதன்முதலாக இன்னொருத்தி கைக்கு மாறியது கம்பம் பஸ் ஸ்டாண்டில், மத்தியான வெயிலில், மதுரையிலிருந்து வந்த பஸ் நின்று எல்லோரும் இறங்கிப் போன பிறகு, கடைசி ஆளாக அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து நின்றபோது.

ஏறுவதைக்கூட எப்படியாவது ஏறிவிடுவாள், இறங்குவதுதான் பெரும்பாடு. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், அதுவே அவளுக்கு ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. கீழே நின்றிருந்த மைமூன், அவள் தெருக்காரி, அவள் நடத்தும் அங்கன்வாடியில் விட்டிருக்கும் ஒரு பிள்ளையின் தாய், குச்சி மாதிரி ஒல்லியான பெண், கையை நீட்டி, "எங்கிட்டக் கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்றாள். அவள் கேட்டது தோளில் தொங்கிய பையை. டீச்சர் கொடுத்தது கையை. கை பட்டதும் மைமூன் "அல்லா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரோ தலைச்சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடமடவென்று படியிறங்கித் தரையில் நின்றாள்.

உருவத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் மாறவில்லை. டீச்சர் அதே அகலம், மைமூன் அதே ஒல்லி. மாறியது பாரம் மட்டும்தான்.

"எப்படி இருக்கு?" என்று டீச்சர் கேட்டாள்.

"ரெண்டு அரிசி மூட்டையை உடம்பைச் சுத்திக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு டீச்சர்," என்றாள் மைமூன். "ஆனா இது இறக்கி வைக்க முடியாத மூட்டையா இருக்கே."

ஷேர் ஆட்டோ மைமூன் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்துகொண்டே தெரு வரைக்கும் வந்தது. அங்கன்வாடி வாசலில் இறங்கி, "இந்தாங்க டீச்சர்" என்று அவள் கையைத் திருப்பி நீட்டியதும், பாரம் வழி தெரிந்த மாடு மாதிரி தன் இடத்துக்கே வந்து சேர்ந்தது.

ஓடைக்கரைத் தெருவில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கன்வாடியில் சமைக்கிற பேச்சியம்மாள் தானும் ஒரு தரம் கைநீட்டி வாங்கிப் பார்த்து, தராசில் ஏறி நின்று, முள் ஓடின தூரத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, உள்ளதுதான்" என்று சொல்லி இறங்கிப் பருப்பைக் கிளறப் போய்விட்டாள். அதெப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், ஆம்பளைகள் வாங்கலாமா, மாசமாக இருக்கிறவள் வாங்கலாமா, நோன்பு வைத்திருக்கும்போது வாங்கலாமா, வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாமா, வாங்கினவர் திருப்பிக் கொடுக்க மறந்து வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது என்பதைத்தான்.

மங்கையர்க்கரசி அந்தத் தெருவுக்குப் பதினேழு வருஷமாக டீச்சர். மாதம் ஒரு தரம் பிள்ளைகளைத் தராசில் நிறுத்தி, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துமாவைக் கூடக் கொடுத்து, தாயைக் கூப்பிட்டு முட்டை கொடு, பாசிப்பயறு கொடு என்று சொல்லிச் சொல்லி, தெருவிலுள்ள பாதிப் பிள்ளைகளின் கன்னத்துச் சதை அவள் போட்டதுதான். அவள் மேலிருந்த சதைக்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று தெரிந்த காலத்தில் கோயில் சொன்னவர்களும் குளம் சொன்னவர்களும்தான், பிறகு கொள்ளு சொன்னார்கள், வெந்நீர் சொன்னார்கள், நடை சொன்னார்கள், நாக்கைக் கட்டச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் செய்தாள். குறையும், பிறகு குறைந்ததைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும். சர்க்கரை வந்தது, முட்டி தேய்ந்தது, தூக்கத்தில் மூச்சு நிற்க ஆரம்பித்தது. மூச்சு நிற்கும்போதெல்லாம் அவள் புருஷன் சுருளிவேல் எழுந்து தோளைப் பிடித்து உலுக்குவான், அவள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறவள்போல ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விடுவாள்.

பாரம் முதலில் கை மாறிய அன்றைக்கு அவள் மதுரைக்குப் போனது வயிற்றைச் சின்னதாக்குகிற ஆப்பரேஷனைப் பற்றிக் கேட்டுவர. டாக்டர் பெயர் நப்பின்னை, அதட்டாமல் பேசுகிறவர்.

"இது சுருக்குவழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க," என்றார் அவர். "நான் வயித்தைச் சின்னதாக்கலாம், பசியைக் கொஞ்சம் தணிக்கலாம். மீதி உங்க வேலை. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிட முடியும், ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும், ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும். சிலருக்கு எடை திரும்ப ஏறுது. ஆபத்து குறைச்சல், ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு இருக்கிற சர்க்கரைக்கும் மூச்சுக்கும் இது நல்லது செய்யும்னு நெனைக்கிறேன். வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணினாலும் உங்களை விட்டுட மாட்டோம், மாத்திரையும் மூச்சுக்கு மிஷினும் வச்சுப் பார்ப்போம்." பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "யாருக்காகப் பண்ணிக்க நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். யோசித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை என்று அனுப்பிவைத்தார்.

யோசிக்கத்தான் அவளுக்கு இடமில்லாமல் இருந்தது. உட்கார்ந்து யோசித்தால் முட்டிதான் யோசிக்கும், படுத்து யோசித்தால் மூச்சுதான் யோசிக்கும், நின்று யோசிக்கலாமென்றால் எதிரே வருகிறவர் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். இப்போது பாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

ரைஸ்மில் சௌந்தரபாண்டி ஒரு நாள் வந்து கையை நீட்டினார். பல வருஷமாக மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கடந்து போகும்போதெல்லாம் "நடங்க டீச்சரம்மா, இன்னும் வேகமா நடங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பாரத்தை வாங்கிக்கொண்டு மீசையைத் தடவிவிட்டுக் கிளம்பினார், இந்தா இருக்கிற மில்லுக்குப் போவதற்குள் ஒரு திண்டில் உட்கார்ந்தார், ஒரு மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு சுவரோடு சாய்ந்து வியர்வையைத் துடைத்தார். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"இம்புட்டு நாளா நான் பேசுனதையெல்லாம், இதைத் தூக்கிக்கிட்டு நின்னா கேட்டீக டீச்சரம்மா?" என்றார்.

"வேற எங்க வச்சிட்டு நிக்கிறது அண்ணே," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் நடை சொல்லவில்லை. அவரே வீடு வீடாகப் போய், இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை பேசி வைத்தார். திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஒரு நாள் வாங்கிக்கொண்டார்கள், பந்தல் வேலைக்குக் குனிய வேண்டாமே என்று. தையல்காரர் வாங்கிக்கொண்டார், உட்கார்ந்த இடத்து வேலைதானே என்று. பள்ளிவாசல் மோதினார் ஒரு நாள் வாங்கிக்கொண்டு, அன்றைக்கு தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து ஒவ்வொரு தரம் எழும்போதும் மங்கை டீச்சரை நினைத்ததாகச் சொன்னார். சண்டைகளும் வந்தன. எங்கள் முறையை ஏன் அவர்களுக்குக் கொடுத்தீர்கள் என்று கோபித்தவர்கள் உண்டு, முறை வந்த அன்று மட்டும் காய்ச்சல் வந்து படுத்தவர்களும் உண்டு. பாரத்தை ஒரு நாள் சுமந்தவர்கள் அடுத்த நாள் தெருவில் வேறு மாதிரி நடந்தார்கள், வயசானவர்கள் படியேறும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் போய் முழங்கையைப் பிடித்தார்கள்.

பாரமில்லாத நாட்களில் மங்கையர்க்கரசி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணினாள், முல்லையாற்றுக் கரையோடு தனியாக நடந்து போனாள், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது. ஆனால் நாளாக ஆகச் சில விஷயங்கள் பிடிபட்டன. பாரம் போன நாளிலும் ரத்தத்தில் சர்க்கரை அப்படியேதான் இருந்தது. இரவில் மூச்சு நின்றது. பசி அதே பசி, வயிறு நிறைந்த பிறகும் நிறையாத பசி. வேற்றூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அப்போதும் ஜன்னலோரம் ஒதுங்கித்தான் உட்கார்ந்தாள். முட்டிவலி பாரத்தோடு போய்விடும், வெட்கம் போகாது, நோய் போகாது. எது எதனால் வந்தது என்று இத்தனை நாள் ஒரே சிக்காகக் கிடந்ததை இப்போது தனித்தனி நூலாக அவளால் பார்க்க முடிந்தது. ஊர்க்கண்ணுக்காக என்றால் அவளுக்கு ஆப்பரேஷன் வேண்டாம், அந்தக் கண் எதைக் குறைத்தாலும் வேறொன்றைப் பார்க்கும். மூச்சுக்காகவும் சர்க்கரைக்காகவும் என்றால் வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்து, மைமூன் வீட்டிலிருந்து மதுரைக்குப் பேசி, தேதி கேட்டாள். தன் வீட்டிலிருந்து பேசினால் புருஷனுக்குக் கேட்குமே என்ற பயம் இருந்தது.

சுருளிவேல் ஏலத்தோட்டத்துக்குக் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவான். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள், செல்லக்கிளி என்று. பித்தப்பையில் கல் என்று ஆப்பரேஷனுக்கு நடந்து போய்ப் படுத்தவளை அவன்தான் மறுநாள் பிணமாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் வலிக்கு ஊசிகூடப் போட்டுக்கொண்டதில்லை.

கிடைத்த தேதியை அவன் சாப்பிடும்போது அவள் சொன்னாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, "தெருவெல்லாம் வாங்குது, நான் ஒரு நாளும் வாங்கலையே, குடு" என்றான். கொடுத்தாள். அதன் பிறகு அவன் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

பாரத்தோடு ஜீப் ஓட்டினான். மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது, வளைவில் அவன் பக்கமாகவே சரிந்தது, பின்னால் உட்கார்ந்த பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சுருளியண்ணே, பொண்டாட்டியையும் சேத்துத்தான் ஏத்திட்டுப் போறீக" என்று சிரித்தார்கள். அவனுக்குக் கால் இரண்டும் தென்னமட்டைக் காம்பு மாதிரி இருக்கும். முட்டி வீங்கியது. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கக் கட்டிலைப் பிடித்தான். தெரு அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. பேச்சியம்மாளே வந்து டீச்சரிடம் கேட்டாள்.

"நாங்க தூக்குறது பத்தலையா டீச்சர்? நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு அறுக்கணும்? நீங்க சாகிற வரைக்கும் நாங்க மாத்தி மாத்தித் தூக்க மாட்டோமா?"

மங்கையர்க்கரசி அவளை உட்காரச் சொன்னாள். "நீங்கள்லாம் தூக்குனதாலதான் என்னால உட்கார்ந்து யோசிக்க முடிஞ்சது பேச்சியக்கா. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா யோசிச்சு முடிச்சிட்டேன்."

"எங்களை வேணாம்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

"உங்களை வேணாம்னு சொல்லல. ஆப்பரேஷன் முடிஞ்சு வந்து கிடக்கிறப்ப நீங்கதான பாக்கணும்."

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். தெருவில் சிலர் ரொம்ப நாள் மனத்தாங்கலோடுதான் இருந்தார்கள்.

மதுரைக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அங்கே சேர்த்ததும் நிறுத்துப் பார்ப்பார்கள், மயக்க மருந்தை அந்த எடைக்குத்தான் கொடுப்பார்கள், எடை பொய்யாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுருளிவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், ஜீப்பை எடுக்கவில்லை. வாசலில் மைமூனும் சௌந்தரபாண்டியும் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல், வராமலே நின்றார்கள்.

"குடுங்க," என்று அவள் கையை நீட்டினாள்.

"மாட்டேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எனக்குத் தூக்க முடியுது. உனக்கு இப்ப என்ன குறை? நடக்குற, குனியுற, ஆத்தங்கரைக்குப் போற. நான் இருக்கிற வரைக்கும் நான் வச்சிக்கிறேன், விட்டுரு."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டில் அவள் பக்கம் தாழவில்லை, அவன் பக்கம்தான் தாழ்ந்திருந்தது. "ராத்திரி என் மூச்சு நிக்கிறப்ப உலுக்கி எழுப்புறீங்களே, அது எங்க இருக்கு? அதை உங்களால வாங்க முடியலையே. நேத்தும் எழுப்புனீங்க. இந்த முட்டியோட எத்தனை நாளைக்கு எழுந்து உட்கார்ந்து எழுப்புவீங்க? ஒரு நாள் அசந்து தூங்கிட்டீங்கன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "எங்கக்காவும் நடந்துதான் போச்சு" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு அத்தனை வருஷம் ஆகியிருந்தது. அவள் அவன் வீங்கிய முட்டியில் கையை வைத்தாள்.

"தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயம் போனப்புறம் போகலாம்னு பார்த்தேன், அது போற மாதிரி தெரியல. அதனால பயத்தோடவே போறேன். ஏங்க, நீங்க எனக்காகத் தூக்குனது போதும். கூட வாங்க, அது போதும்."

வாசலில் சௌந்தரபாண்டி இருமினார், மைமூன் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். கடைசியில் சுருளிவேல் கையைத் தூக்கினான், தூக்கினதே பெரிய வேலை மாதிரி தூக்கி, அவள் கையில் வைத்து, "இந்தா" என்றான்.

பாரம் வந்தது. கால், இடுப்பு, முதுகு, கழுத்து என்று ஒவ்வொரு இடமாக வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் அவள் அதைத் திட்டியிருக்கிறாள், கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறாள், அன்றைக்கு அதைத் திட்டத் தோன்றவில்லை. பிள்ளை தங்காமல் போன வருஷங்களிலும், பேச்சுக் கேட்ட வருஷங்களிலும், யாருமில்லாத மத்தியானங்களிலும் அவளோடு இருந்தது அது ஒன்றுதான். கதவைப் பிடித்து எழுந்து, "வா போவோம்" என்று சொன்னாள். புருஷனை அவள் எப்போதும் நீங்க என்பாளே, இப்போது யாரைச் சொல்கிறாள் என்று வாசலில் நின்றவர்களுக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆஸ்பத்திரித் தராசில் அவள் தன் முழு எடையோடு ஏறி நின்றாள். ஆப்பரேஷன் அறைக் கதவு வரைக்கும் நடந்தே போனாள். சுருளிவேல் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில், அது திறக்கும் வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் லேசாக முடிந்தது என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். வீட்டுக்கு வந்து தண்ணீரை ஸ்பூனில் குடித்தாள், அதுவும் ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் காத்திருந்து குடித்தாள். சாப்பாடு போடாமல் ஒருத்தியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெருவுக்குத் தெரியவில்லை, தூக்குவாளிகளில் வடிகட்டின பருப்புத் தண்ணீரும் கோழி வேகவைத்த தண்ணீரும் வந்தபடி இருந்தன, பேச்சியம்மாள் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, போதும் போதும் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஒரு நாள் பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனைக்கு மங்கையர்க்கரசி தேம்பித் தேம்பி அழுதாள், ஏண்டா பண்ணிக்கிட்டோம் என்று அன்றைக்கு நினைத்தாள், மறுநாளும் நினைத்தாள். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்து, பிறகு மெதுவாக முளைத்தது. உடம்பு இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. ஒல்லியாக ஒன்றும் ஆகிவிடவில்லை, பழைய முகம்தான் லட்சணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சர்க்கரை மாத்திரைகள் குறைந்தன. சுருளிவேலுக்கு மட்டும் பழைய வழக்கப்படி தூக்கம் கலையும், உலுக்கக் கையைக் கொண்டு போவான், அவள் மூச்சு ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருக்கும், கையை எடுத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே கிடப்பான்.

அடுத்த வருஷம் பனிக்காலத்தில், சின்னமனூரிலிருந்து தீபலட்சுமி என்று ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்தாள். கோர்ட்டில் டைப்பிஸ்ட், முப்பது வயசுகூட இருக்காது, கனத்த உடம்பு. கல்யாணம் பேசியிருக்கிறார்கள், அதற்கு முன்னால் ஆப்பரேஷன் பண்ணிக்கொள்ளச் சொல்லி மாப்பிள்ளை வீட்டில் ஒரே பிடியாக நிற்கிறார்கள், அம்மா வேண்டாம் என்று அழுகிறாள், அண்ணன் பண்ணு என்கிறான், எனக்கு என்ன வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை என்றாள். மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்துவிட்டு, "பண்ணிக்கலாமா வேணாமாக்கா? நீங்க சொல்றதைக் கேக்குறேன்" என்றாள்.

மங்கையர்க்கரசி தன் கதையில் நல்லதையும் சொன்னாள், கெட்டதையும் சொன்னாள், கருவாட்டுக் குழம்பையும் விடாமல் சொன்னாள், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைச் சொன்னாள். பண்ணு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அந்தப் பெண் அதற்காகவே வந்தவளாதலால் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்டக் கொஞ்சம் குடு," என்று மங்கையர்க்கரசி கையை நீட்டினாள்.

"எதைக்கா?"

"குடு, சொல்றேன்."

பாரம் கை மாறியது. தீபலட்சுமி எழுந்து நின்று, தன் காலைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"இந்தத் தெருவைத் தாண்டினா ஆறு. கரையோட போனா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மெதுவா போயிட்டு, தோணுறப்ப வா," என்றாள் மங்கையர்க்கரசி. "அவங்க சொல்றது, உங்கம்மா சொல்றது எல்லாத்தையும் இங்கேயே வச்சிட்டுப் போ. நான் எங்கயும் போகப் போறதில்ல."

அந்தப் பெண் வாசலைத் தாண்டி, தெருவில் முதலில் நடந்து, கொஞ்ச தூரம் போனதும் ஓடினாள். ஜன்னல் வழியாக அது தெரிந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்குகிற சத்தம் கேட்டது. மங்கையர்க்கரசி ஒரு கையை நாற்காலியிலும் ஒரு கையைத் தொடையிலும் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு மூச்சு நிதானித்து, அந்த எடைக்கு எப்படி எழ வேண்டுமோ அப்படி எழுந்து, அடுப்பங்கரைக்குப் போனாள்.